இருபத்தாறு ‘சரி’

அந்தச் சீட்டை மடிக்காதீர்கள், தம்பி. சட்டைப் பையில் வைக்க வேண்டாம். மடித்தால் மடிப்பு விழும். மடிப்பு விழுந்த இடத்தில் கோடு வளைந்த மாதிரி இருக்கும். அப்புறம் அம்மா “வளையுது” என்று சொல்லும்போது வளைவது கண்ணா காகிதமா என்று உங்களுக்குத் தெரியாது. இப்படிச் சுருட்டி, பைக்குள் தண்ணீர் பாட்டிலை ஒட்டி நிறுத்தி வையுங்கள். அவ்வளவுதான்.

எங்கே ஒட்டுவது என்று சிஸ்டரிடம் கேட்டீர்கள். “வெளிச்சமான இடத்துல ஒட்டுங்க” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். அவர்களுக்கும் வேலை இருக்கிறது. நான் சொல்கிறேன், எனக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கிறது. என் வீட்டுக்காரியை ஊசிக்கு உள்ளே அழைத்துப் போயிருக்கிறார்கள். கண்ணில் ஊசி. அப்படி முகத்தைச் சுளிக்காதீர்கள். முதலில் மரத்துப்போக மருந்து விடுவார்கள். ஊசி போடுவது ஒரு நிமிஷம்தான். அதற்கு முன்னாலும் பின்னாலும் உட்கார வைப்பதுதான் நேரம்.

உங்கள் அம்மாவுக்கு ஸ்கேன்தானே? அதற்குப் பயப்படவே வேண்டாம். தொடக்கூட மாட்டார்கள். தாடையை ஒரு தாங்கியில் வைக்கச் சொல்வார்கள். உள்ளே சின்னதாக ஒரு பச்சைச் சிலுவை தெரியும், அதையே பார்க்கச் சொல்வார்கள். கண்ணின் பின்சுவரில் ஒரு மெல்லிய திரை ஒட்டியிருக்கிறது, விழித்திரை. கேக்கை வெட்டினால் உள்ளே அடுக்கு அடுக்காகத் தெரிகிறது இல்லையா? அதுபோல அந்தத் திரையின் அடுக்குகள், வெட்டாமலே, படத்தில் வந்துவிடும். நடுவில் ஒரு சின்னப் பள்ளம் இருக்க வேண்டும். பள்ளம் இருந்தால் நல்லது. பள்ளம் மேடாகிவிட்டால் அடியில் நீர் கசிகிறது என்று அர்த்தம். மேடு எவ்வளவு உயரம் என்று ஓர் எண்ணும் வரும், மைக்ரான் கணக்கில்.

டாக்டரம்மா இதை முதல் நாள் சொன்னபோது, “இது எனக்குப் புரியும்மா, நான் அணைக்கட்டு ஆள்” என்றேன். சிரித்தார்கள்.

ஆமாம் தம்பி. பொதுப்பணித் துறையில் லஸ்கர். முப்பத்தொரு வருஷம் ஒரே அணை. மலையடிவாரத்தில் சின்ன அணைதான், உங்களுக்குப் பெயர் தெரிந்திருக்காது. தினமும் காலை ஆறு மணிக்குப் படியில் இறங்கி, சுவரில் எழுதியிருக்கும் அளவைப் பார்த்து, நீர்மட்டத்தை ரிஜிஸ்டரில் எழுத வேண்டும். நூற்றுப் பதினான்கு படி. பிறகு ஆபீசுக்குப் போனில் சொல்ல வேண்டும். என் ரிஜிஸ்டரில் ஓர் அடித்தல் திருத்தல் பார்க்க முடியாது. இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்த ஒரு பெரிய அதிகாரி மற்ற அணைக்காரர்களைக் கூப்பிட்டுக் காட்டினார், “சுருளிவேலைப் பார்த்துக் கத்துக்கங்கய்யா” என்று.

அடித்தல் இல்லாமல் எழுத ஒரு வழி இருக்கிறது. நீர்மட்டம் ஒரு ராத்திரியில் அடிக்கணக்கில் மாறாது. ஐம்பத்திரண்டு அடி என்றால் நாளைக்கும் ஐம்பத்திரண்டுதான், பின்னால் வரும் அங்குலம்தான் மாறும். அதனால் தேதி, நேரம், ஐம்பத்திரண்டு, இவ்வளவையும் முந்தியே எழுதி வைத்துக்கொள்வேன். இறங்கிப் போய்ப் பார்த்து மிச்சத்தை எழுதினால் போதும்.

ஐப்பசியில் அடைமழை பெய்யும்போது படியில் பாசி வழுக்கும். அப்போது சில நாள் மிச்சத்தையும் மேலே இருந்தே எழுதியிருக்கிறேன். நேற்றைக்கு நாலு அங்குலம் என்றால் இன்றைக்கு ஐந்து. எல்லாரும் செய்வதுதான். அணைக்கு ஒன்றும் ஆகவில்லை. முப்பத்தொரு வருஷத்தில் ஒரு நாள்கூட ஒன்றும் ஆகவில்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஒன்றும் ஆகாமல் போனதுதான் தப்பாகிவிட்டது.

என் வீட்டுக்காரி பெயர் லோகமணி. அவளுக்கு இடது கண் முதலிலேயே போய்விட்டது. புரை என்று நினைத்து, அறுவடை முடியட்டும், பேத்தி காதுகுத்து முடியட்டும் என்று தள்ளிப்போட்டோம். இங்கே வந்த பிறகுதான் அது புரை இல்லை, விழித்திரையின் நடுவில் கசிவு என்று தெரிந்தது. அந்தக் கண்ணில் தழும்பு விழுந்துவிட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது என்றார்கள். “வலது கண்ணுலயும் ஆரம்பிச்சிருக்கு. ஆனா இதைக் காப்பாத்தலாம்” என்றார்கள். அன்றைக்கு வலது கண்ணின் எண் நானூற்று அறுபத்தெட்டு.

லோகமணிக்குக் கண் என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். சிலருக்கு டிவி, சிலருக்குக் கோயில். இவளுக்குக் குறுக்கெழுத்து. பேப்பர் வந்ததும் முதல் பக்கத்தை என்னிடம் எறிந்துவிட்டு அந்தக் கட்டத்தை எடுத்துக்கொள்வாள். எட்டாவதுதான் படித்தவள். ஆனால் பேனாவில்தான் போடுவாள். “பென்சில்ல போடுறவங்க விடை தெரியாதவங்க” என்பாள். நான் எட்டிப் பார்த்து ஏதாவது சொன்னால், “உங்களுக்கு அணை அளவுதான் தெரியும், அங்கிட்டுப் போங்க” என்பாள்.

அதனால் இங்கே முதல் தடவை இந்தச் சீட்டைக் கொடுத்தபோது, உங்கள் கையில் இருக்கிறதே, இதே சீட்டு, கட்டம் கட்டமாக, நடுவில் ஒரு கரும்புள்ளி, அவள் வாங்கிப் பார்த்துவிட்டு சிஸ்டரிடம், “ஏம்மா, இதுல கேள்வியே இல்லையே” என்று கேட்டாள். அந்த அறையில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள்.

மூன்று ஊசி போட்டார்கள். எண் இறங்கியது. முந்நூற்றுத் தொண்ணூற்றொன்று. முந்நூற்று இருபத்திரண்டு. போன செப்டம்பர் இருபதாம் தேதி இருநூற்று எழுபத்துநாலு. பள்ளம் திரும்பி வந்துவிட்டது. படத்தைப் பார்த்தவுடனே நானே சொல்லிவிட்டேன், பள்ளம் வந்துவிட்டது என்று. டாக்டரம்மா, “சரியாச் சொன்னீங்க ஐயா” என்றார்கள். தம்பி, அன்றைக்கு எனக்கு இருந்த பெருமையைச் சொல்லி முடியாது. அணை நிரம்பினாலும் அப்படி இருந்ததில்லை.

“இனிமே மாசாமாசம் வர வேணாம். எட்டு வாரம் கழிச்சு வாங்க” என்றார்கள். “ஆனா ஒண்ணு. தினமும் காலையில இடது கண்ணை மூடிக்கிட்டு இந்தச் சீட்டைப் பாக்கணும். கோடு வளைஞ்சாலோ நடுவுல மறைச்சாலோ, எட்டு வாரம்னு பாக்காம மறுநாளே கிளம்பி வந்துரணும். ஸ்கேன் இங்க வந்தாத்தான் எடுக்க முடியும். வீட்டுல இந்தச் சீட்டுதான் ஸ்கேன்.” அப்புறம் என்னைப் பார்த்து, “ஒரு நோட்டுல தினமும் எழுதி வைங்க ஐயா” என்றார்கள்.

என்னிடம் நோட்டு எழுதச் சொன்னால் விடுவேனா? நூறு பக்கம் நோட்டு வாங்கி, கோடு போட்டு, தேதி, நேரம், நிலை என்று தலைப்பு எழுதினேன். பின்கட்டுச் சுவரில் ஜன்னலுக்கு எதிரே சீட்டை ஒட்டினேன். அவள் சுவருக்கு முன்னால் நிற்பாள். நான் ஜன்னல் விளிம்பில் நோட்டை வைத்துக்கொண்டு நிற்பேன். காலை ஆறு மணி. அதே ஆறு மணி. “நேரா இருக்கு” என்பாள். ‘சரி’ என்று எழுதுவேன். ஒரு மாதம் இப்படியே போனது.

அக்டோபர் இருபதாம் தேதி. அன்றைக்குச் சீட்டுக்கு முன்னால் அவள் தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தாள். “நேராத்தான் இருக்கு போல” என்றாள். ‘சரி’ என்று எழுதினேன். அப்புறம் குறுக்கெழுத்தோடு உட்கார்ந்தவள், “ஏங்க, பேப்பர்க்காரன் கட்டத்தைக் கோணலா அடிச்சிருக்கான். நடுவுல நெளியுது” என்றாள். வாங்கிப் பார்த்தேன். நேராக இருந்தது. “மழைக்காலம், பேப்பர் நமத்துப்போயிருக்கும்” என்றேன்.

மறுநாள் சீட்டுக்கு முன்னால் நின்று, “இதும் நெளியுதுங்க” என்றாள்.

இப்போது சொல்கிறேன், அன்றைக்கே எனக்குத் தெரியும். தெரியாது என்று சொன்னால் பொய். ஆனால் ஸ்கேனில் இருநூற்று எழுபத்துநாலு வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. ஒரு மாதத்தில் அது எப்படி ஏறும்? படம் பொய் சொல்லுமா? அத்தனை பெரிய மெஷின் சொன்னது பெரிதா, காலையில் முகம்கூடக் கழுவாமல் நின்று இவள் சொல்வது பெரிதா? தேதியும் நேரமும் எழுதியாகிவிட்டது. ‘சரி’ என்று எழுதினேன்.

இருபத்திரண்டாம் தேதியும் அதையே சொன்னாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. உள்ளே போய் ஸ்கேலை எடுத்து வந்து சீட்டின் மேல் வைத்து அழுத்திப் பிடித்தேன். “பாரு மணி. ஸ்கேல் நேரா இருக்கா? கோடு ஸ்கேலோட ஒட்டி இருக்கா? அப்ப கோடு நேராத்தான இருக்கு?”

அவள் வலது கண்ணால் கொஞ்ச நேரம் பார்த்தாள். “ஸ்கேலும் வளையுதே” என்றாள்.

நான் சிரித்தேன், தம்பி. அவளும் சிரித்தாள். நான் சிரித்ததால் சிரித்தாள். அப்புறம் ஜன்னலுக்குப் போய் ‘சரி’ என்று எழுதினேன்.

ஏன் எழுதினேன் என்று எத்தனையோ தடவை என்னையே கேட்டுப் பார்த்துவிட்டேன். மழை, பஸ்ஸில் இரண்டரை மணி நேரம், எட்டு வாரம் முடிய இன்னும் கொஞ்ச நாள்தானே, இதெல்லாம் காரணம்தான். ஆனால் இன்னொன்றும் இருக்கிறது. ‘வளைகிறது’ என்று எழுதிவிட்டால் அது வளைந்துவிடும் போல இருந்தது. ‘சரி’ என்று எழுதி நோட்டை மூடினால் அன்றைய நாள் சரியாகப் போகும். மத்தியானம் அவள் கீரை ஆய்வதைப் பார்த்து, “பாரு, கண்ணு தெரியாமலா ஆயுற” என்பேன். அவள் தடவித் தடவி ஆய்ந்துகொண்டிருந்தாள் என்பது எனக்குத் தோன்றவில்லை. நவம்பர் முதல் வாரத்தோடு அவள் குறுக்கெழுத்தை நிறுத்திவிட்டாள். “கேள்வியெல்லாம் முன்ன மாதிரி இல்ல, சப்புன்னு இருக்கு” என்றாள். அதையும் நம்பினேன்.

அக்டோபர் இருபதிலிருந்து நவம்பர் பதினாலு வரைக்கும் இருபத்தாறு நாள். இருபத்தாறு ‘சரி’. ஓர் அடித்தல் இல்லை.

பதினைந்தாம் தேதி வந்தோம். ஸ்கேன் எடுத்தார்கள். நானூற்று ஐம்பத்தொன்று. பள்ளம் இருந்த இடத்தில் மலை. அடியில் ரத்தம். டாக்டரம்மா படத்தையும் பார்த்தார்கள், நோட்டையும் பார்த்தார்கள். ஒவ்வொரு பக்கமாகத் திருப்பி, “எல்லா நாளும் சரின்னு இருக்கே. நேத்து வரைக்கும் சரியா இருந்துச்சா? அப்ப ராத்திரியோட ராத்திரியா ரத்தம் கசிஞ்சிருக்கணும். சிலருக்கு அப்படியும் ஆகும்” என்றார்கள். அப்புறம், “நோட்டு ரொம்ப ஒழுங்கா வச்சிருக்கீங்க ஐயா” என்றார்கள்.

நான் தலையை ஆட்டினேன்.

லோகமணி பக்கத்து ஸ்டூலில்தான் இருந்தாள். அவள் காதில் எல்லாம் விழுந்தது. “நான் தினமும் சொன்னேனே டாக்டர்” என்று அவள் சொல்லியிருந்தால் நான் அந்த இடத்திலேயே அழுதிருப்பேன், முடிந்திருக்கும். அவள் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, “ஊசி இன்னிக்கேவாம்மா?” என்று மட்டும் கேட்டாள்.

செப்டம்பரில் எழுத்துப் பலகையில் ஆறாவது வரி வரைக்கும் வாசித்தவள் அன்றைக்கு முதல் எழுத்தை மட்டும் வாசித்தாள். அதுவும் தலையைச் சாய்த்து, ஓரக்கண்ணால்.

“நடுவுல போனது போனதுதான் ஐயா” என்றார்கள். “சுத்தி இருக்குறதையாவது காப்பாத்தணும். அது இருந்தாத்தான் அவங்க துணையில்லாம நடக்க முடியும், சாப்பாடு எடுத்துப் போட்டுக்க முடியும்.”

பஸ்ஸில் போகும்போது முடிவு செய்தேன். இனி அவள் என்ன சொல்கிறாளோ அதை ஓர் எழுத்து மாறாமல் எழுதுவது. வீட்டுக்குப் போய்ப் புதுப் பக்கம் எடுத்தேன். மறுநாள் ஆறு மணிக்கு, “சொல்லு மணி, எப்படி இருக்கு?” என்றேன். “சரியா இருக்கு” என்றாள்.

எனக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது. ஊசி வேலை செய்கிறது என்று நினைத்தேன். அடுத்த நாளும் “சரியா இருக்கு.” அதற்கடுத்த நாளும். டிசம்பரில் ஓர் ஊசி, ஜனவரியில் ஓர் ஊசி. எண்ணும் இறங்கிக்கொண்டு வந்தது. குறுக்கெழுத்துக்கூட மறுபடி ஆரம்பித்தோம், தெரியுமா? நான் கேள்வியை வாசிப்பேன், அவள் விடை சொல்வாள், நான் கட்டத்தில் எழுதுவேன். சில நேரம் அவள் சொல்வதற்கு முன்பே எனக்கு விடை தெரிந்துவிடும், எழுதிவிடுவேன். எட்டுக் கட்டம் பத்துக் கட்டம் நானே போட்டிருக்கிறேன். “உங்களுக்கு அணை அளவுதான் தெரியும்” என்று இப்போதெல்லாம் அவள் சொல்வதில்லை.

நான் நன்றாகப் பார்த்துக்கொள்கிறேன் என்றுதான் தம்பி நினைத்துக்கொண்டிருந்தேன். இன்றைக்குக் காலை வரைக்கும்.

காலையில் என்ன ஆயிற்று என்றால், அவளுக்குக் கண்ணில் சொட்டு மருந்து விட்டு, அதோ அந்த பெஞ்சில் கண்ணை மூடி உட்கார வைத்திருந்தார்கள். ஸ்கேன் எடுத்தாகிவிட்டது. இருநூற்று முப்பத்தெட்டு. சிஸ்டர் பழைய படமெல்லாம் வேண்டும் என்று ஃபைலைக் கேட்டார்கள். பிரித்தேன். அதிலிருந்து இந்தச் சீட்டு விழுந்தது. எங்கள் வீட்டுச் சீட்டு, நாலு மூலையிலும் டேப்போடு.

“ஐயா, இது வீட்டுச் சுவத்துல இருக்கணும்ல?” என்றார்கள் சிஸ்டர்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. அப்புறம் நினைவு வந்தது. போகிக்குச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தோம். சீட்டு கிழிந்துவிடக் கூடாது என்று நான்தான் பத்திரமாக எடுத்து இந்த ஃபைலில் வைத்தேன். ஃபைல் ஆஸ்பத்திரிக்கு மட்டும்தான் எடுப்பது. திரும்ப ஒட்ட மறந்துவிட்டேன். போகி முடிந்து இன்றைக்கு வரைக்கும் இருபத்தேழு நாள். இருபத்தேழு காலை அவள் வெறும் சுவருக்கு முன்னால் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு நின்று “சரியா இருக்கு” என்று சொல்லியிருக்கிறாள். நான் ஜன்னலில் நின்று எழுதியிருக்கிறேன். நான் சுவரைப் பார்ப்பதில்லை. நோட்டைத்தான் பார்ப்பேன்.

சீட்டை எடுத்துக்கொண்டு அவளிடம் போனேன்.

“மணி, சீட்டு என் கையில இருக்கு.”

அவள் கண்ணைத் திறக்கவில்லை. “ம்” என்றாள்.

“பொங்கல்லேர்ந்து சுவத்துல சீட்டு இல்ல. உனக்குத் தெரியலையா?”

“தெரியுமே.”

“எப்படித் தெரியும்?”

“அன்னிக்கே தடவிப் பாத்தேன். கையில சுண்ணாம்பு ஒட்டுச்சு.”

“அப்புறம் ஏன் தினமும் சரியா இருக்கு, சரியா இருக்குன்னு சொன்ன?”

கோபமாகச் சொல்லவில்லை, தம்பி. கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கிக்கொள்வேன். சோற்றுக்கு உப்பு போதுமா என்று கேட்டால் பதில் சொல்வது மாதிரி சொன்னாள்.

“நான் வாயத் திறக்குமுன்னே உங்க பேனாச் சத்தம் கேக்கும்ல. கிறுக் கிறுக்குன்னு ரெண்டு எழுத்து. எழுதுனதுக்கப்புறம் நான் வேற சொன்னா அடிச்சுல்ல எழுதணும்? உங்களுக்குத்தான் அடிச்சு எழுதுறது ஆகாதே. அதான் எழுதுனதையே சொல்லிட்டேன்.”

நான் அப்படியா செய்தேன்? எனக்கு நினைவில்லை. சத்தியமாக நினைவில்லை. ஆனால் கை செய்திருக்கும். தேதி, நேரம், அப்புறம் மாறாத பாகம் எதுவோ அதையும் முந்தியே எழுதி வைப்பது. முப்பத்தொரு வருஷப் பழக்கம்.

“கண்ணு போனதும் காது நல்லாக் கேக்குதுங்க” என்றாள். அதற்கு ஒரு சிரிப்பு வேறு.

உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டரம்மா படத்தைப் பார்த்துவிட்டு, “நடுவுல காஞ்சிருக்கு. எண்ணும் நல்லாருக்கு. மேல் பக்கம் ஒரு ஓரத்துல லேசா ஏதோ தெரியுது, பழசாத்தான் இருக்கும்னு நினைக்கிறேன். நோட்டுல தொந்தரவு எதுவும் இல்லைன்னா இன்னிக்கு ஊசியை நிறுத்திட்டு ரெண்டு மாசம் கழிச்சுப் பாக்கலாம்” என்று கையை நீட்டினார்கள்.

நோட்டு என் மடியில் இருந்தது. கொடுத்தால் ரெண்டு மாசம். அந்த நோட்டு ஏற்கெனவே ஒரு ரெண்டு மாசத்தைத் தின்றிருக்கிறது.

“இதை நம்பாதீங்கம்மா” என்றேன். “சீட்டே இல்லாம எழுதியிருக்கேன். அவகிட்டயே கேளுங்க.”

டாக்டரம்மா என்னை ஒரு தடவை பார்த்தார்கள். நாற்காலியை அவள் பக்கம் திருப்பிக்கொண்டார்கள். “சொல்லுங்கம்மா. உங்களுக்கு என்ன தெரியுது?”

லோகமணி பேசினாள் தம்பி. நான் கடிகாரத்தைப் பார்த்தேன், நாலு நிமிஷம் பேசினாள். நடுவில் எண்ணெய்க் காகிதம் ஒட்டின மாதிரி ஒரு திட்டு, அது நவம்பரிலிருந்து அப்படியே இருக்கிறது, அதை விடுங்கள் என்றாள். ஆனால் பொங்கலுக்கு அப்புறம் கீழே, வலது பக்கம், புதிதாக ஏதோ நெளிகிறது. வாசல்படி அந்த இடத்தில் தண்ணிக்குள் கிடக்கிற மாதிரி ஆடுகிறது. ரெண்டு தடவை தடுக்கிவிட்டது. என் முகத்தை நேராகப் பார்த்தால் தெரியாது, என் காதைப் பார்த்தால் மீசை தெரியும், இப்போது அந்த மீசையும் ஒரு பக்கம் கோணுகிறது. இதையெல்லாம் ஒரு நாளும் என்னிடம் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. “எப்படி இருக்கு” என்று கேட்டிருக்கிறேன். “என்ன தெரியுது” என்று கேட்கவில்லை.

டாக்டரம்மா மறுபடி கம்ப்யூட்டரில் படத்தை ஒவ்வொரு அடுக்காக நகர்த்தினார்கள். கண்ணுக்குள் எல்லாம் தலைகீழாக விழுமாம், அவளுக்குக் கீழே நெளிந்தால் திரையில் மேலே பார்க்க வேண்டுமாம். நம் கையில் கொடுக்கும் தாளில் நடுப் படம் மட்டும்தான் வரும். ஓரத்துப் படம் அவர்களிடம் இருக்கிறது. மேலே, அவர்கள் முதலில் சந்தேகப்பட்ட அதே இடத்தில், கறுப்பாக ஒரு சின்ன நீர்க்கோடு. “இது பழசு இல்ல. புதுசு” என்றார்கள். “நல்லவேளை சொன்னீங்கம்மா. இன்னிக்கே ஊசி போட்டுரலாம். இது இன்னும் பரவல.”

அதற்குத்தான் உள்ளே போயிருக்கிறாள்.

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று தெரிகிறது. கடைசியில் உண்மையைச் சொல்லிவிட்டாரே பெரியவர் என்று. இல்லை. நான் சொன்னது பொங்கலுக்கு அப்புறம் உள்ள பக்கத்தை. அந்த இருபத்தாறு நாளை டாக்டரம்மாவிடம் சொல்லவில்லை. ராத்திரியோடு ராத்திரியாக ரத்தம் கசிந்தது என்றே அவர்கள் இன்னும் எழுதி வைத்திருக்கிறார்கள். லோகமணியும் சொல்லவில்லை. இன்றைக்கு நாலு நிமிஷம் பேசினாளே, அதில் அக்டோபரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதை நான் உங்களிடம்தான் முதலில் சொல்கிறேன். உங்களை இனி நான் பார்க்கப் போவதில்லை, அதனால் சுலபமாக இருக்கிறது.

அதோ, ஊசி அறைக் கதவு திறக்கிறது. இல்லை, வேறு யாரோ. இன்னும் நேரம் இருக்கிறது.

தம்பி, உங்கள் பேனாவைக் கொஞ்சம் கொடுங்கள். என்னுடையதை உள்ளே போகும்போது அவள் வாங்கித் தன் மஞ்சள் பையில் போட்டுக்கொண்டாள். “இனிமே நான் சொல்லி முடிச்சப்புறம் என்கிட்ட வாங்கிக்கங்க” என்றாள். நீங்களும் வேண்டுமானால் அப்படிச் செய்யுங்கள். சீட்டை எங்கே ஒட்டினாலும் பரவாயில்லை. அம்மா சொல்லி முடிக்கிற வரைக்கும் பேனா அம்மா கையில் இருக்கட்டும்.

நோட்டை இப்படிப் பிடியுங்கள், ஆடாமல். இதுதான் அந்தப் பக்கம். பாருங்கள், எவ்வளவு அழகாக இருக்கிறது. ஒன்றின் கீழ் ஒன்று, ஸ்கேல் வைத்த மாதிரி. டாக்டரம்மா மத்தியானம் சாப்பிடப் போவதற்கு முன்னால் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். இருபத்தாறு வரியும் முடியாவிட்டாலும் நினைவில் இருக்கிறவரை எழுதிவிடுகிறேன். மிச்சத்தை அவளிடமே கேட்டுக்கொள்கிறேன், அவளுக்கு நினைவிருக்கும்.

அக்டோபர் இருபது, அடிக்கிறேன். ‘பேப்பர்க் கட்டம் நெளிகிறது.’

இருபத்தொன்று. ‘சீட்டும் நெளிகிறது.’

இருபத்திரண்டு. கோடு கோணலாகத்தான் விழுகிறது, பரவாயில்லை. ‘ஸ்கேலும் வளைகிறது.’